மாலைப் பொழுது யாருக்கு உரியது

பள்ளிக்கூடம் திறக்கும் காலம் நெருங்கியவுடன் பெற்றோருக்குச் சொல்லப்படும் புத்திமதிகளில் பெரும்பகுதி சீருடை, செருப்பு, நோட்டுப் புத்தகம், காலையில் எழுப்பும் உபாயம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. குழந்தை மாலையில் வீடு திரும்பியது முதல் உறங்கப் போகும் வரையிலுள்ள நான்கைந்து மணி நேரத்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. நீண்ட விடுமுறைக்குப் பின் ஒரு குடும்பம் பள்ளிக்கூட வாழ்க்கைக்குச் சரிவரத் திரும்புமா, மாதக்கணக்கில் தடுமாறுமா என்பது அந்த மாலைப் பொழுதிலேதான் நிர்ணயமாகிறது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். 2021ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து மறு ஆண்டு பிப்ரவரி வரை எங்கள் வீட்டில் நடந்த ஒரு விவகாரத்தில் என் சொல் எடுபடாமற் போய், அதன் பலனை ஒன்பது வயதுப் பையன் அனுபவிப்பதை நான் அருகிலிருந்து பார்க்க நேர்ந்ததிலிருந்து, இந்த அபிப்பிராயத்தை யார் முன்னிலையிலும் சொல்ல நான் தயங்குவதில்லை.

எங்கள் வீடு மதுரையில், வைகையின் வடகரையில், செல்லூரில் இருக்கிறது. கணவருக்குத் தென்கரையில், வடக்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சிறிய அச்சகம். எனக்கு ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கு எழுதும் உத்தியோகம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது மகன் இரண்டாம் வகுப்பிலும் மகள் எல்.கே.ஜி.யிலும் படித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று விதி வந்த காலத்தில் பத்திரிகை அடிக்க யார் வருவார்கள்? தனியார் பள்ளிக்கு இரண்டு குழந்தைகளுக்கும் கட்டணம் கட்டிவிட்டு, ஒரே கைபேசியில் இருவரும் மாறி மாறிப் பாடம் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்று 2021 ஜூனில் இருவரையும் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் நான் சேர்த்தேன். அந்தத் தீர்மானம் முழுக்க முழுக்க என்னுடையது. அதற்காக இன்றைக்கும் பெருமைப்படுகிறேன். அந்த வருஷம் அப்படிச் செய்தவள் நான் ஒருத்தி மட்டுமல்ல. நாட்டின் கிராமப்புறங்களில் அரசுப் பள்ளிகளில் படிக்கும் குழந்தைகள் 2018இல் நூற்றுக்கு 64 பேராக இருந்தது 2021இல் 70 பேராக உயர்ந்தது என்று, பள்ளிக் கல்வியின் நிலையைக் கணக்கெடுக்கும் ஏசர் ஆய்வு சொல்லிற்று. ஆனால் ஆய்வுகளை யார் படிக்கிறார்கள்? கே.கே. நகரில் வசிக்கும் என் நாத்தனார், "கார்ப்பரேசன் பள்ளிக்கூடமா?" என்று கேட்ட தொனி மட்டும் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. பின்னால் வந்த தவறுக்கெல்லாம் வித்து அந்தக் கேள்வியில்தான் இருந்தது.

பெரிய வகுப்புகளுக்கு முன்பே கதவு திறந்திருந்தது. ஒன்று முதல் எட்டு வரையிலான குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1, திங்கட்கிழமை அன்றுதான் மணி அடித்தது. மூடியதிலிருந்து கணக்கிட்டால் பத்தொன்பது மாதங்களுக்கு மேல். இரண்டாம் வகுப்பில் வெளியே வந்த மகன் நான்காம் வகுப்புக்குள் நுழைந்தான். முதல் வகுப்புக்குப் போன மகளுக்கோ பெஞ்சு, கரும்பலகை, வரிசை எல்லாமே புதிது. வருகை கட்டாயமில்லை என்றும், சுழற்சி முறையில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் போதும் என்றும் சொன்னார்கள். அதனால் ஒருவன் பள்ளியில் இருக்கும் நாளில் மற்றவள் வீட்டில் இருந்தாள். வாசலில் ஆசிரியைகள் பூவும் இனிப்பும் கொடுத்து வரவேற்றார்கள்.

சீருடைத் துணி, பை, செருப்பு எல்லாம் விளக்குத்தூண் பக்கம் ஒரே மாலையில் முடிந்துவிடும் காரியம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெயர் எழுதி ஒட்டுவது, புத்தகத்துக்கு அட்டை போடுவது போன்றவற்றை நீங்களே செய்துகொள்வீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை எங்களுக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பள்ளியில் சத்துணவு உண்டென்றாலும், நோய்ப் பயத்தில் என் மாமியார் வீட்டுச் சோறுதான் கொடுத்தனுப்ப வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். முதல் நாள் மாலை டிபன் பாக்ஸைத் திறந்தேன். தயிர்சாதத்தின் மேல் ஏடு காய்ந்து வெடித்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் இரண்டு விரல் நுழைந்து தோண்டிய குழி. ஊறுகாய் மடித்த வாழையிலைத் துண்டு பிரிக்கப்படவே இல்லை. பையனைக் கேட்டால், "மணி அடிச்சிட்டாங்கம்மா" என்கிறான். யோசித்துப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. பத்தொன்பது மாதங்களாக அவன் கைபேசியையோ தொலைக்காட்சியையோ பார்த்துக்கொண்டிருக்க, அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து உருண்டை பிடித்து ஊட்டியிருக்கிறார்கள். மூடியை அழுத்தித் திறந்து, சிந்தாமல், இருபது நிமிஷத்துக்குள் தன் கையால் தின்று முடிக்க வேண்டிய வித்தை அவனுக்கு அடியோடு மறந்துபோயிற்று. ஆகவே பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே மதியச் சோற்றைத் தட்டில் போடாமல், பள்ளிக்குக் கொடுத்தனுப்பப்போகும் அதே டப்பாவில் அடைத்து, கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்து, கடிகாரத்தைக் காட்டிச் சாப்பிடச் சொல்லுங்கள். தண்ணீருக்கும் இதே பழக்கம் வேண்டும். பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வந்தால், ஆசிரியையிடம் ஒன்றுக்குப் போகக் கேட்பதற்கு வெட்கப்பட்டு குழந்தை தண்ணீரே குடிக்கவில்லை என்று அர்த்தம். மகள் விஷயத்தில் அதைக் கண்டுபிடித்து, அவள் வகுப்பு ஆசிரியையிடம் சொன்ன மறுநாளே அது தீர்ந்தது.

உறக்கத்தை நான் அக்டோபரிலேயே சரிசெய்துவிட்டேன். நள்ளிரவுக்குச் சமீபத்தில் உறங்கி ஒன்பது மணிக்கு எழும் குழந்தையை ஒரே நாளில் ஆறு மணிக்கு எழுப்புவது துன்பம். நாளுக்குக் கால் மணி நேரமாகப் படுக்கும் வேளையையும் எழும் வேளையையும் முன்னே நகர்த்தி, எழுந்தவுடன் வெயில் வெளிச்சத்தில் நிறுத்தினால் உடம்பு தானாகவே திரும்பிவிடும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது வைத்தியர்களின் கணக்கு. நான் செய்த உபாயம் இதைவிட எளியது: இரண்டு பேரையும் சோழவந்தானில் இருக்கும் என் தாயாரிடம் கொண்டுபோய் விட்டேன். அங்கே வெற்றிலைக் கொடிக்காலுக்கு விடியலில் ஆள் வந்துவிடும். அந்தச் சத்தத்தில் குழந்தைகள் எழுந்துவிடுவார்கள். வாய்க்காலில் குளிப்பு, வரப்பில் ஓட்டம், ஏழு மணிக்கு இரவுச் சாப்பாடு, எட்டு மணிக்குத் தூக்கம். அம்மாச்சி வீட்டில் இணையமும் கிடையாது, அதைக் கேட்டு அழுவாரும் கிடையாது. உங்களுக்கும் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் மேலூரிலோ வாடிப்பட்டியிலோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு அம்மாச்சி இருப்பார்கள். பள்ளி திறப்பதற்கு முந்திய வாரங்களை அவர்களிடம் ஒப்படையுங்கள். நவம்பர் முதல் தேதி என் பிள்ளைகள் எழுப்பாமலே எழுந்தார்கள் என்பதைச் செல்லூரில் எங்கள் தெருவே அறியும்.

இத்தனை பிரயாசையும் தீபாவளியோடு பாழாயிற்று.

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 4, வியாழக்கிழமை. பள்ளி திறந்த வாரத்திலேயே விடுமுறை வந்து, பலகாரத் தட்டோடு நாத்தனாரும் வந்தார்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் அமர்ந்திருந்தபோது பேச்சு பையன்மேல் திரும்பிற்று. ஒரு பாடப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அவன் எழுத்துக் கூட்டினான். "நெடுஞ்சாலை" என்ற சொல்லில் நின்றுவிட்டான். பெரியவர்கள் பத்துப் பேர் சூழ்ந்திருக்க, இரண்டு வருஷமாகப் பள்ளியைப் பார்க்காத குழந்தை எந்தச் சொல்லில்தான் நிற்காது?

"இங்க பாரு, கார்ப்பரேசன் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்ப் போட்டதே எங்களுக்கெல்லாம் தலகுனிவு. டியூசனாச்சும் ஒழுங்கா வச்சு விடு. ரெண்டு வருசப் படிப்பு போச்சுல்ல?" என்றார்கள்.

"மதினி, அவன் இன்னும் பெஞ்சுல உக்காந்தே பழகல. தைப் பொங்கல் வரைக்குமாவது போகட்டும்" என்றேன்.

"நீ எப்பவுமே இப்படித்தான். புள்ள மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தா படிப்பு வந்துருமா?"

என் கணவர் நல்ல மனிதர். ஆனால் அக்காள் எதிரில் அவருக்கு அபிப்பிராயம் என்று ஒன்று இருந்ததில்லை. "அக்கா சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல" என்று அவர் சொன்னதோடு விவாதம் முடிந்தது. பள்ளிக்கூட நேரமே குழந்தைக்குப் புதிதாக இருக்கையில் அதன்மேல் இன்னொரு பள்ளிக்கூடத்தை ஏற்றக்கூடாது என்றும், அவனுக்குத் தேவைப்படுவது இரண்டாம் வகுப்பு வாசிப்பே தவிர நான்காம் வகுப்புக் கேள்வி பதில் அல்ல என்றும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கம் கெட்டுவிடும் என்றும் நான் அன்றே சொன்னேன். சபையில் அது ஏறவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், ஒரு மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் நடக்கும் பயிற்சி நிலையமொன்றை நாத்தனாரே சிபாரிசு செய்து, பள்ளி ஆண்டு முடியும் வரைக்குமான பணத்தை முன்பணமாகத் தம் தம்பியைக் கொண்டே கட்டவும் வைத்தார்கள்.

அன்று முதல் எங்கள் வீட்டு மாலைப் பொழுது எப்படிக் கழிந்தது என்பதைக் கேளுங்கள். நான்கரைக்குப் பையன் வருவான். பாலைக் குடித்து, முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே மறுபடியும் பையை மாட்டுவான். ஐந்து மணிக்கு அவனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு யானைக்கல் பாலத்து நெரிசலில் கணவர் வண்டியை ஓட்டுவார். ஐந்தரை முதல் எட்டரை வரை கொட்டகை. அங்கே மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்க, ஒரே ஆசிரியர் ஒவ்வொரு குழந்தைக்கும் கேள்வி பதிலைப் புத்தகத்தில் கோடிட்டுக் கொடுத்து, பத்துத் தடவை எழுதச் சொல்லிவிட்டு அடுத்தவனிடம் போவார். வாசிக்கத் தெரியாத குழந்தை எழுத்துக்களைப் படம் வரைவதுபோல் பார்த்து வரைந்துகொண்டிருந்தான். வீடு வர ஒன்பது, சாப்பிட ஒன்பதரை, உடம்பின் சூடு தணிந்து கண் அயரப் பதினொன்று. காலை ஆறு மணிக்கு எழுந்தால் ஏழு மணி நேரத் தூக்கம். சோழவந்தானில் தூங்கியதைவிட மூன்று மணி நேரம் குறைவு. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு பேசவோ, தங்கையோடு சண்டை போடவோ கூட அவனுக்கு அவகாசம் இல்லை. நாங்கள் மட்டும் இந்த வலையில் விழவில்லை. கிராமங்களில் டியூஷனுக்குப் போகும் குழந்தைகள் 2018இல் நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவாக இருந்து, 2021இல் ஏறத்தாழ 40 ஆகிவிட்டார்கள் என்று முன் சொன்ன அதே ஆய்வு காட்டுகிறது. இழந்த படிப்பைப் பணத்தைக் கொடுத்து உடனே வாங்கிவிடலாம் என்ற பிரமை அன்று தேசமெங்கும் பரவியிருந்தது.

நவம்பர் முடிவதற்குள் வயிற்றுவலி ஆரம்பித்தது. காலையில் பல் துலக்கும்போதே, "அம்மா, வலிக்குது" என்று சுவரில் சாய்ந்துவிடுவான். சில நாள் வாந்தியும் உண்டு. மாமியார் ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள், மந்திரித்துத் திருநீறு பூசினார்கள். பள்ளிக்குப் போக மனமில்லாமல் நடிக்கிறான் என்று நாத்தனார் தொலைபேசியில் தீர்ப்பளித்தார்கள். ஒரு வைத்தியர் பூச்சி மருந்து எழுதினார். இன்னொருவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. செலவான பணத்தைவிட, அந்த இருட்டறையில் ஈர வயிற்றோடு படுத்துக்கொண்டு, "எனக்கு ஆப்பரேசனாம்மா?" என்று அவன் கேட்டதுதான் இன்னும் என் நெஞ்சில் தைத்திருக்கிறது.

கணக்கு எழுதும் தொழில் அப்போது எனக்குக் கைகொடுத்தது. அடுக்களைச் சுவரில் பால் கணக்குக் குறிக்கும் மாதக் காலண்டர் தொங்குகிறது. அதன் கட்டங்களில் பால் அளவுக்குப் பக்கத்தில், வலி வந்த காலைகளுக்கு "வ" என்று சிறிதாக எழுதத் தொடங்கினேன். பள்ளிக்கூட நாளுக்கு மேலே ஒரு புள்ளி, முந்திய மாலை டியூஷன் இருந்தால் கீழே ஒரு கோடு. இரண்டு மூன்று வாரம் போனபின் நின்று பார்த்தேன். சுழற்சி முறையில் பள்ளி இல்லாத நாட்களிலும் "வ" இருந்தது. பள்ளிக்கூட நாளாகிய திங்கட்கிழமைகளில் இல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு விடுமுறை. "வ" இருந்த கட்டத்தில் எல்லாம் கீழே கோடும் இருந்தது. பள்ளிக்கூடத்தின்மேல் இத்தனை நாள் சுமத்திய குற்றம் முழுவதும் முந்திய நாளின் மாலைக்கும் இரவுக்கும் உரியது என்பதற்கு அதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை. குழந்தைக்குக் காலையில் வரும் நோவுக்கு வைத்தியரிடம் போகுமுன், காய்ச்சலோ எடைக்குறைவோ இரவில் எழுப்பும் வலியோ இல்லாதபட்சத்தில், இப்படிக் காலண்டரில் குறித்துப் பாருங்கள். வைத்தியரிடம் போனாலும் அதையே கையில் கொண்டுபோங்கள். அவருக்கும் அது உதவும்.

காலண்டரைக் கணவரிடம் காட்டினேன். அவர் பார்த்தார், ஆனால் முன்பணம் கட்டியாயிற்றே என்றார். 2022 ஜனவரியில் மூன்றாம் அலை வந்து, பள்ளியும் கொட்டகையும் ஒருசேர மூடின. வலி போன இடம் தெரியவில்லை. பிப்ரவரி 1 அன்று எல்லா வகுப்புகளுக்கும் பள்ளிகள் மறுபடி திறந்தபோது, பள்ளிக்கு மட்டும்தான் போவான், கொட்டகைக்குப் போகமாட்டான் என்று நான் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டேன். மீதிப் பணத்தைக் கேட்கப் போனவளிடம், "பாதியில நிறுத்துனா பையன் தேற மாட்டான், எழுதி வச்சுக்கங்க" என்று அந்த ஆசிரியர் சொன்னார், பணமும் திரும்பவில்லை. உங்களுக்குச் சொல்லுகிறேன்: எந்தப் பயிற்சிக்கும் மாதாமாதம் பணம் கட்டுங்கள். மொத்தமாகக் கட்டிய பணம், தவறு என்று தெரிந்த பின்னும் குழந்தையை அங்கேயே கட்டிப்போட்டு வைக்கும்.

அந்தப் பருவத்தில்தான் எங்கள் தெருவுக்கு இல்லம் தேடிக் கல்வி வந்திருந்தது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய திட்டம். ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், ஒருவருக்கு இருபது குழந்தைகள் என்ற அளவில், மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் தெருவில் கல்லூரி முடித்த ஒரு பெண் தன் வீட்டுத் திண்ணையில் நடத்தினாள். சாக்கட்டியால் தரையில் கட்டம் போட்டு, எழுத்தைச் சொன்னால் அதன்மேல் குதிக்க வேண்டும். கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை நீயே வாசி என்பாள். கொட்டகையில் வாய் திறவாத என் மகன் அவளை அக்கா அக்கா என்று சுற்றிவந்தான். ஒருநாள் வேலையிலிருந்து திரும்புகையில் திண்ணையோரம் நின்று பார்த்தேன். ஆள்காட்டி விரலை வரிமேல் வைத்து நகர்த்திக்கொண்டு, தன்னைவிடச் சிறிய இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கதையை அவன் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான்; தட்டுப்பட்ட சொல்லைத் தாண்டிப் போகாமல், திரும்பி வந்து மறுபடி கூட்டினான். ஏழு மணிக்கு வீடு, ஏழரைக்குச் சாப்பாடு, எட்டரைக்குள் தூக்கம்.

இலவசமாகத் திண்ணையில் கிடைப்பது எப்படித் தரமாக இருக்கும் என்று அப்போதும் கேட்டார்கள். அதற்கு விடையைப் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங் முதலியோர் 2022இல் வெளியிட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்ததில், 2021 டிசம்பரில் கணக்கிலும் மொழியிலும் அவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுக்கொண்டார்கள். அந்த மீட்சியில் கால் பங்களவு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. நாத்தனார் கூடத்தில் அவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நிரூபணம் வேறென்ன?

பெரியவர்கள் பழகிக்கொள்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி திறந்ததும் நாமெல்லாம் விடுதலை பெற்றதாக நினைக்கிறோம். என் கணவர், பிள்ளைகள் அச்சகத்தில் காகிதம் அடுக்கிக் கொடுத்துப் பழகிய மனிதர், முதல் வாரங்களில் மதியம் காரணமில்லாமல் வீட்டுக்கு வந்து நின்றார். மாமியார் நிலை அதைவிடக் கஷ்டம். பத்தொன்பது மாதம் இரண்டு குழந்தைகளோடு கழித்த பகல் திடீரென்று வெறிச்சோடிப் போனதை யாரும் கவனிக்கவில்லை. பையன் வந்தவுடன் தொலைக்காட்சியைப் போட்டு அவனைப் பக்கத்தில் இருத்திக்கொள்வதற்கு நான் கோபித்துக்கொண்டிருந்தேன்; பிறகு நான்கு மணிக்குப் பள்ளி வாசலுக்குப் போய் அழைத்து வரும் பொறுப்பை அவர்களுக்கே கொடுத்தேன். வழியில் பேசவேண்டியதெல்லாம் பேசி முடித்துவிடுவதால் வீட்டுக்கு வந்தபின் தொலைக்காட்சி தேவைப்படவில்லை. உங்கள் வீட்டுப் பாட்டிக்கும் இப்படி ஒரு காரியம் கொடுங்கள். மாலையைக் காக்க அவர்களைவிட நல்ல துணை கிடையாது.

காலைப் பொழுதின் சங்கடத்தை அரசாங்கமே தீர்த்தது. 2022 செப்டம்பர் 15 அன்று, இதே மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள். எங்கள் பிள்ளைகளின் பள்ளியும் அதில் இருந்தது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாம்பாரோடு பள்ளியிலேயே கிடைக்க, இட்லித் தட்டோடு பையன் பின்னால் ஓடும் காலை எங்களுக்கு இல்லாமற்போயிற்று. நாலு பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்ததும், வீட்டில் தொடாத உப்புமாவை மகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள் என்று ஆசிரியை சொன்னார். கார்ப்பரேஷன் பள்ளியா என்று கேட்டவர்களுக்கு இந்தச் செய்தியை நான் பொங்கல் அன்று நேரிலேயே சொன்னேன்.

ஐந்தாம் வகுப்போடு அந்தச் சௌகரியம் முடிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். மகன் ஆறாம் வகுப்புக்குப் போன 2023இல் வெயிலின் உக்கிரத்தால் திறப்பைத் தள்ளிவைத்து, ஆறு முதல் பன்னிரண்டு வரை ஜூன் 12 அன்றும், ஒன்று முதல் ஐந்து வரை ஜூன் 14 அன்றும் திறந்தார்கள். அந்த இரண்டு நாள் வித்தியாசத்தில் அண்ணன் சீருடையோடு கிளம்ப, தங்கை தூங்கிக்கொண்டிருந்ததில் பெரிய ரகளை. இருவரையும் ஒரே நேரத்தில் எழுப்புவது என்று வைத்துக்கொண்டால் அது வராது. தூக்கத்தில் இவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும், விடுமுறையில் வரும் சித்திரைத் திருவிழாவில் குழந்தைகள் கண் விழிப்பதை நான் தடுப்பதில்லை. அந்த வருஷம் மே 5 அன்று அழகர் ஆற்றில் இறங்கினார். அதற்கு முந்திய இரவெல்லாம் தல்லாகுளத்தில் எதிர்சேவைக் கூட்டத்தில்தான் இருந்தோம். அழகர் மலைக்குத் திரும்பிய பின் பள்ளி திறக்கப் போதிய வாரங்கள் மீதியிருந்தன; அதன்பின் சோழவந்தான் இருக்கவே இருக்கிறது.

2025 ஜூன் 2 அன்று பள்ளி திறந்தபோது பையன் எட்டாம் வகுப்புக்குள் போனான். மாலை ஐந்தரைக்கு இன்றும் பந்து விளையாடத்தான் போகிறான். ஒன்பதாம் வகுப்பில் கணக்குக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று இப்போது அவனே கேட்கிறான். சம்மதித்திருக்கிறேன். செல்லூருக்குள்ளேயே, மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு, ஏழு மணிக்குள் விட்டுவிடுகிற ஆசிரியராகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.